அம்மாசி வருகிற வரைக்கும்

சௌந்திரத்துக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. நேற்றுப் பொழுதுக்கும் கடலைக்காட்டில் குனிந்தே களை வெட்டியது. அம்மிக்கு முன்னால் குந்தியவள் இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் குழவியை உருட்டினாள். அம்மியில் கிடந்தது ஒரே ஒரு விதை. அடுத்த தோட்டத்துச் சாலம்மாள் பாலில் வேகவைத்து, உள்முளையைக் கிள்ளிவிட்டுக் கொண்டுவந்த நேர்வாளம். அடைத்த வயிற்றைப் பேதியாக்க அதைவிடக் கடுமையான மருந்து அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

சாலம்மாள் வேலிக்கு அக்கட்டால, தன் தோட்டத்துப் பக்கம் நின்றபடி பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நைசா அரச்சுரு புள்ள. கொரகொரப்பா இருந்தா கொடலக் கீறிப்போடும்."

"ஒண்ணு போதுங்களா ஆத்தா?"

"கெழவனுக்கு ஒண்ணே அதிகம். ரெண்டு போட்டா கொல்லிமலைக்கு அந்தப்பக்கம் போயித்தான் நிப்பாரு."

சௌந்திரம் சிரிக்கவில்லை. "ஒம்போது நாளாச்சுங்," என்றாள்.

"அதுக்குத்தான் சொல்றேன். வெளக்கெண்ணெ மூணு தடவ குடுத்த. கடுக்காய் குடுத்த. அசையல. குப்பைக்குழிச் சாணியே மூணு நாள்ல புழு வெக்குது. ஒம்போது நாள் வயித்துக்குள்ளயே கெடந்தா மனுசன் என்னாவான்? ஊடெல்லாம் புளிச்ச வாடை அடிக்குதுங்கற. உள்ள அழுகுது புள்ள. வேறென்ன."

வாடை அடித்தது உண்மைதான். மாமனார் படுத்திருந்த ஆசாரம் என்கிற முன்கூடத்து வாசற்படிக்குப் போனாலே மூக்கில் ஏறியது. கெட்டுப்போன கூழ் மாதிரி ஒரு புளிப்பு.

அரைத்ததை வழித்துக் கருப்பட்டியோடு சேர்த்துப் பிசைந்து, சொம்பில் இருந்த புளிச்சதண்ணியில் கரைத்தாள். முதல் நாளைய கம்பஞ்சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீர். மாமனார் வேறு எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். காலையில் ஒரு சொம்பு, உச்சிக்கு ஒரு சொம்பு. சொம்பை எடுத்துக்கொண்டு போய் ஆசாரத்து நிலைப்படியில், உள்ளே கட்டிலில் கிடப்பவருக்குக் கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். வளையலால் நிலைக்கால்மேல் இரண்டு தட்டு தட்டினாள். பின்வாங்கிக் கட்டுத்தரையில் நின்ற மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மயிலே, தண்ணி வெச்சிருக்குதுன்னு சொல்லு," என்றாள் மாட்டிடம்.

உள்ளே ஒரு இருமல் கேட்டது. "சரின்னு சொல்லு மயிலே."

மயிலை வைக்கோலை மென்றது.

பதினாலு வருஷமாக அப்படித்தான். அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் மருமகள் மாமனாருக்கு எதிரே நிற்கமாட்டாள். நேருக்கு நேர் பேசமாட்டாள். முதலில் மாமியார் மூலமாகப் பேச்சு நடந்தது. மாமியார் செத்த பிறகு கணவன் குழந்தைவேல் மூலமாக. குழந்தைவேல் பட்டாளத்துக்குப் போன பிறகு மாடுதான் மிச்சம். பிள்ளை குட்டி இல்லை. செங்கோட்டையக் கவுண்டரின் கால்களை அவளுக்குத் தெரியும், இருமலைத் தெரியும், வெளியே போகும்போது தடியால் கல்லைத் தட்டும் சத்தத்தைத் தெரியும். அந்தச் சத்தம் கிழக்கே போனால் அவள் மேற்கே போவாள். முகத்தை முழுசாகப் பார்த்ததில்லை.

அந்த மனிதர் தன் காட்டைத் தவிரப் பிறத்தியார் காட்டில் ஒருநாளும் வெளிக்கு உட்கார்ந்ததில்லை. சேந்தமங்கலம் சந்தைக்குப் போய் அங்கேயே வயிறு கலக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்து, கிழக்குக் கடைசியில் இருந்த வெள்வேலான் மரத்தடியில்தான் உட்காருவார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு மரம் மட்டும் எந்தக் கோடையிலும் இலை உதிர்க்கவில்லை.

தை மாதம் கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு விட்டுப்போனது. நாவிதர் அம்மாசி மூங்கிற்பத்தை வைத்துக் கட்டிப்பார்த்தார். கட்டு கூடவில்லை. அன்றிலிருந்து தினம் வெடியால, பொழுது விடியும்போதே அம்மாசி வருவார். கிழவரை முதுகில் சுமந்துகொண்டு வெள்வேலான் மரத்தடிக்குப் போவார். இரண்டு கல்லைப் போட்டு உட்காரவைத்து, பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொள்வார். கழுவிவிட்டுத் திரும்பச் சுமந்து வருவார். அவர்கள் பேசிக்கொண்டு போவது சமையல் அறைக்குக் கேட்கும்.

"மாடு வாலத் தூக்கறதுக்கு எடம் பாக்குதா, நேரம் பாக்குதா? நீங்க எதுக்குங்க இத்தன ரோசன பண்றீங்க? முடியாத நாளைக்குக் கட்டலுக்குக் கீழ ஒரு சட்டியில சாம்பலப் போட்டு வெச்சா ஆச்சு."

"மாட்டுக்கு மருமக இல்லடா," என்பார் செங்கோட்டையக் கவுண்டர்.

அம்மாசியின் மகளுக்கு அயோத்தியாப்பட்டணத்தில் பிரசவம். நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் பத்து நாளாகியும் திரும்பவில்லை. சிறுநீருக்குக் கிழவர் படுத்தபடியே ஒரு கலயத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டார். மற்றதற்கு ஆள் வேண்டும். வேறு ஆண் துணை என்றால் பங்காளி சென்னியப்பன்தான். கிழவரின் அண்ணன் மகன். வயலுக்கு அந்தப்பக்கம் வீடு, ஆளும் கெட்டவன் இல்லை. ஆனால் அவனைக் கூப்பிட முடியாது.

காரணம் ஒரு காகிதம். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு குழந்தைவேலிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. அந்த வருஷக் கார்த்திகையில் சர்க்காரிடமிருந்து இங்கிலீஷில் அடித்த ஒரு காகிதம் வந்தது. தபால்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, காணவில்லை என்று எழுதியிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. போன பங்குனியில் சென்னியப்பன் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, இனிமேல் ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். தாலியை எத்தனை நாளைக்கு இப்படி, ஊரும் ஒரு மாதிரியாகப் பேசுகிறது என்றான். செங்கோட்டையக் கவுண்டர் கட்டிலில் கிடந்தபடியே தடியை வீசினார். தடி சென்னியப்பனின் முழங்காலில் பட்டது.

"எம் மவன் செத்தான்னு சொல்றவன் எவனும் என்ரூட்டு வாசல மிதிக்கப்படாது. என்னயத் தொடவும் படாது."

அவர் சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் மரியாதை இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சௌந்திரத்தின் கழுத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் உயிரோடு இருக்கிறவரை பேசமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சேலம் ரயிலடியில் குழந்தைவேல் கடைசியாகச் சொன்னது, "நான் வர்ற வரைக்கும் அப்பனப் பாத்துக்க," என்பதுதான். வேறு எதுவும் சொல்ல அவனுக்கு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. ரயில் போன பிறகும் அவன் கை பட்டிருந்த ஜன்னல் கம்பி எந்த உயரத்தில் இருந்தது என்று அவளால் சொல்ல முடியும்.

அதனால்தான் அந்தக் குடலைப் பற்றி அவளுக்கு அத்தனை பயம்.

சொம்பு கவிழும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டார். வழக்கம்போல் வட்டிலை எடுக்கப் போனாள். இரவு வைத்த சோளக்களி வழித்துத் தின்ற மாதிரி வட்டில் காலியாக இருந்தது. ஒன்பது நாளும் அப்படித்தான். தின்பது குறையவில்லை, போவது மட்டும் நின்றிருக்கிறது. அதனால்தான் சாலம்மாள் சொன்னதை நம்பினாள்.

கொல்லிமலைக்கு மேல் பொழுது ஏறிய நேரத்தில் ஆரம்பித்தது.

முதலில் கட்டில் கயிறு முறுகும் சத்தம். பிறகு ஒரு முனகல். பிறகு, "அம்மாசி," என்று ஒரு கூப்பிடு. வருவதற்கில்லை என்று தெரிந்தே கூப்பிட்ட மாதிரி இருந்தது. சௌந்திரம் கட்டுத்தரையில் நின்றாள். மருந்து வேலை செய்கிறது என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. அடுத்து வந்த சத்தத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. தண்ணீர்ப் பானை உடைந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இருமல்கூட இல்லை.

"மயிலே," என்றாள். "ஏதாச்சும் வேணுங்களான்னு கேளு."

மாடு காதை மட்டும் ஆட்டியது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பில் இருந்த வெந்நீரை இறக்கினாள். கொடியில் கிடந்த நைந்த சீலையை நீளவாக்கில் நாலாகக் கிழித்தாள். முறத்தில் சாம்பலை அள்ளிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள்.

கட்டிலில் கயிற்றுக்கு இடுக்கால் ஒழுகித் தரையெல்லாம் ஓடியிருந்தது. வேட்டி, கால், முதுகு எல்லாம் நனைந்திருந்தன. ஒன்பது நாள் அடைத்த வயிற்றிலிருந்து வரும் என்று அவள் நினைத்தது எதுவும் அதில் இல்லை. வெறும் தண்ணீர். கிழவர் கையில் இருந்த துண்டால் மூடிக்கொண்டார். அவர் மூடியது முகத்தை.

அவள் வேட்டியை உருவினாள். ஒரு பக்கமாகப் புரட்டித் துடைத்தாள், கழுவினாள், திரும்பத் துடைத்தாள். ஆள் எடை இருக்கவில்லை. இடுப்பெலும்பு இரண்டும் கலப்பைக் கொழு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. வயிறு முதுகெலும்போடு ஒட்டிக் கிடந்தது. களை வெட்டிய இடுப்பு குனிய விடவில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேலையைச் செய்தாள். முடித்து உலர்ந்த சீலையைச் சுற்றிவிடுவதற்குள் இரண்டாம் தடவை போயிற்று. பிறகு மூன்றாம் தடவை. நாலாம் தடவையில் தண்ணீரும் குறைந்து, சளி மாதிரி கொஞ்சம் வந்தது. கிழவரின் பாதங்கள் குளிர்ந்திருந்தன.

தரையைக் கழுவக் கட்டிலை நகர்த்தினாள். தலைமாட்டில் சுவரோரம் ஒரு மொடா இருந்தது. விதைக்கடலை போட்டுவைக்கும் பெரிய பானை. விதைப்பு முடிந்ததால் காலியாகக் கிடந்தது. அதைத் தள்ளினால் காலிப்பானை மாதிரி நகரவில்லை, கனத்தது. மூடியை எடுத்தாள். புளிப்பு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே களி. உருண்டை உருண்டையாக. மேலே இருந்தது நேற்று ராத்திரியினுடையது. அதற்குக் கீழே இருந்தவை பூஞ்சணம் பூத்து, வெடித்து, அடியில் கல்லாகியிருந்தன. ஒரு ஓரத்தில் கடுக்காய்த் தூள் அப்பியிருந்தது. எல்லாவற்றின்மேலும் விளக்கெண்ணெய் பளபளத்தது.

அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள்.

"மாமா," என்றாள்.

மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டு கொஞ்சம் அசைந்தது.

"சோத்தத் திங்கவே இல்லீங்களா?"

துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "பாத்துட்டியா."

"ஏனுங் இப்பிடிப் பண்ணுனீங்க?"

"அம்மாசி வரட்டும்னு பாத்தேன் அம்மிணி. நாலே நாளுன்னான். தாது வருசப் பஞ்சத்துல எங்காத்தா என்னய வெச்சுக்கிட்டு எத்தன நாள் பச்சத்தண்ணியில கெடந்தாளாம். நாலு நாள் என்னால முடியாதான்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா நான்..."

"தின்னாப் போவோணும். போனா நீ அள்ளோணும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன்ன அள்ள உட்டுட்டு, நாளைக்கு அவன் வந்து நின்னான்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனப் பாக்கறது?"

வெளியே மயிலை கழுத்தை உதறியது. சௌந்திரம் சீலைத் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

"நாந்தானுங் தண்ணியில மருந்து கலந்தேன்."

"தித்திச்சுது," என்றார். "கருப்பட்டியாட்ட இருந்துது. ஒரே மூச்சுல குடிச்சுப்போட்டேன்."

அவள் எழுந்து போய் அரிசிக் கஞ்சி வைத்தாள். வீட்டில் இருந்தது ஒரு ஆழாக்கு அரிசி, கூப்பன் கடையில் வாங்கியது. உப்புப் போட்டுக் கரண்டியால் மசித்து எடுத்துவந்தாள். துண்டை அவளே விலக்கினாள். முகம் குழந்தைவேலின் முகம் மாதிரியே இருந்தது. அவனுக்கு எழுபது வயதானால் அப்படித்தான் இருப்பான். அதை அவள் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. நெற்றியின் இடப்பக்கம் முடி சுழி விட்டிருந்த விதம்கூட அதேதான். கரண்டியை வாயருகே வைத்துவிட்டு மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் இரண்டு வாய் குடித்தார், அவளுக்காக. அதுவும் தங்கவில்லை.

சாலம்மாள் ஓடிவந்தாள். மாதுளந்தோலைக் கஷாயம் வைத்தாள், ஜாதிக்காயைச் சுட்டுத் தேனில் குழைத்தாள். "ஒண்ணுதானே போட்ட? ஒண்ணுக்கு இப்பிடி ஆவாதே," என்று நாலு தடவை சொன்னாள். சௌந்திரம் மொடாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். சாலம்மாளிடம் அதைக் காட்டவில்லை. கஷாயம் உள்ளே போகாமல் கடைவாயில் ஒழுகியது. சாலம்மாள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சென்னியப்பனுக்குச் சொல்லிவிட எழுந்து போனாள்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கிழவர் கண்ணைத் திறந்தார்.

"அம்மிணி."

"இருக்கறனுங்."

"நானா ஒண்ணு கேக்கறேன். எனக்காவச் சொல்லாத. உனக்கு என்ன படுது? இருக்கறானா?"

அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. தபால்காரர் கேட்கவில்லை. பெரியவர்கள் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"இருக்கறாருங் மாமா. வெடியால எந்திரிக்கையில அப்பிடித்தான் தோணுதுங். அந்தியில தோணறதில்லீங்."

"எனக்கும் அந்தியிலதான் சிரமம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கை மட்டும் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. சௌந்திரம் கடைசியாக ஒருதடவை துடைத்து, உலர்ந்த வேட்டியைக் கட்டிவிட்டாள். முடிச்சைத் தளர்த்திப் போட்டாள். இறுக்கினால் வலிக்கும் என்று நினைத்துப் போட்டது.

மறுநாள் பொழுது கிளம்பும் நேரத்துக்கு அம்மாசி வந்தார். வழியிலேயே சேதி கேட்டிருந்தார். தோளில் தொங்கிய பையில் பொரிகடலையும் வெல்லமும் பொட்டலமாகப் புடைத்துக்கொண்டிருந்தன. பேரனா பேத்தியா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையை வேலியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். உடலைக் குளிப்பாட்டுவதும் மழிப்பதும் அவர் வேலை. குளிப்பாட்ட எண்ணெய், சீயக்காய் எடுக்க ஆசாரத்துக்குள் வந்தவர் மூக்கைச் சுளித்தார். மொடாவின் மூடியை எடுத்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

சௌந்திரம் மூலையில் தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளுங்க?" என்றார் அம்மாசி மெதுவாக.

"நீ போனதுலருந்து."

"கடைசியில என்ன குடுத்தீங்க?"

"நேர்வாளம்."

அம்மாசி தலைப்பாகையை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "நாலு நாளுன்னு சொல்லிப்போட்டுப் போனது நானுங்க," என்றார். அவர் மொடாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கடலைக்காட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மொடா கழுவியிருந்தது.

பத்து மணிக்குள் பந்தல் போட்டுப் பாடை கட்டியாகிவிட்டது. ஊர் ஆம்பளைகள் வாசலில் நின்றார்கள். சென்னியப்பன் கிணற்றில் முழுகி ஈரத்துணியோடு வந்தான். முழங்காலில் தடி பட்ட தழும்பு இன்னும் கறுப்பாக இருந்தது. அவன் கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் அவன்தான் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

"மகன் இல்லாதவருக்குப் பங்காளிதான். நெருப்புச் சட்டியக் குடுங்கப்பா," என்றார் ஒரு பெரியவர்.

மகன் இல்லாதவர் என்று சொன்னது உள்ளே கேட்டது. பெண்களுக்கு நடுவில் இருந்த, ஒறம்பரையாக வந்த சொந்தக்காரக் கிழவி ஒருத்தி சௌந்திரத்தின் தோளைத் தொட்டாள். கிழவியின் மடியில் மடித்த சீலை ஒன்று இருந்தது. வெள்ளைச் சீலை.

"அழாத சாமி. ஊரு கூடியிருக்குது. ரெண்டு காரியத்தையும் ஒண்ணா முடிச்சுப்போடலாம். இன்னொருக்கா ஊரக் கூட்டறதுன்னா உனக்கும் கஷ்டம்." கிழவி பிரியமாகத்தான் சொன்னாள். பிரியமாகவே அவள் விரல் கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

சௌந்திரம் அந்தக் கையை எடுத்துக் கிழவியின் மடியிலேயே வைத்தாள். எழுந்தாள். உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்தாள். பட்டாளத்து உடுப்பு மாட்டிய அன்று குழந்தைவேல் கழற்றி, ஊருக்குத் திரும்பிய ஒருவனிடம் கொடுத்தனுப்பிய வேட்டி. அதை எடுத்துக்கொண்டு ஆம்பளைகள் நின்ற வாசலுக்கு வந்தாள். விரித்த தலையை முடியவில்லை.

"மகன் இருக்கறாருங்க," என்றாள்.

பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

சென்னியப்பன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "அம்மிணி, ரெண்டு வருசமா ஒரு கடுதாசி இல்ல. அவன் சாகோணும்னா நான் நெனைக்கறேன்? அவனும் நானும் ஒரே குட்டையில எருமை குளிப்பாட்டுனவங்க. ஆனா நடக்கறதப் பாக்கோணுமல்ல."

"காணோம்னுதானுங் எழுதியிருக்குது. செத்தாருன்னு எழுதல. காணாமப் போன மாட்டத் தேடி ராசிபுரம் வரைக்கும் போறீங்க. மனுசனுக்கு அதுகூட இல்லீங்களா?"

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "சரி, அதுக்கு இப்ப என்ன பண்றது? பொணம் காத்திருக்குமா?" என்றார் பெரியவர்.

அம்மாசி கத்திப்பெட்டியை மூடிவிட்டு முன்னால் வந்தார்.

"கைமாத்தா வெக்கலாமுங்க."

"என்னடா கைமாத்து?"

"எங்கப்பன் காலத்துல ஒருக்கா நடந்திருக்குதுங்க. பனமரத்துப்பட்டியில. மகன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். மகன் துணியப் பங்காளி தோள்ல போட்டுக்கிட்டு, மகம் பேரச் சத்தமாச் சொல்லி வெக்கோணும். வெச்சா அது மகன் வெச்ச கொள்ளிதானுங்க. பங்காளி கடனாக் குடுத்தது."

"இதென்ன, புதுசா இருக்குது."

"சடங்கு எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமாங்க? உங்களுக்குத்தான் தெரியும்னா இந்தாங்க கத்தி, நீங்களே செரைச்சு உடுங்க."

ஒன்றிரண்டு பேர் சிரித்து, எழவு வீடு என்று அடக்கிக்கொண்டார்கள். பனமரத்துப்பட்டியில் அப்படி ஒன்று நடந்ததா என்று சௌந்திரத்துக்குத் தெரியாது. அம்மாசியின் கண் அவள் பக்கம் வரவில்லை. பெரியவர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் வெகுநேரம் ஈரத் தலையோடு நின்றான். கடைசியில் கையை நீட்டினான். அவள் வேட்டியைக் கொடுத்தாள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நெருப்புச் சட்டியை எடுத்தான்.

பெண்கள் வேலி வரைக்கும்தான் போகலாம். பறைச்சத்தம் தேய்ந்த பிறகு சௌந்திரம் திரும்பி வந்து ஆசாரத்தைச் சாணம் போட்டு மெழுகினாள். வெள்ளைச் சீலைக் கிழவி அதை மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு போய்விட்டாள். இடுப்பு வலி அப்படியே இருந்தது. மெழுகி முடித்தவள் கை கழுவப் போகும்போது, வழக்கம்போல் மயிலைக்குப் பக்கத்தில் நின்றாள். சொல்ல ஒன்றும் இல்லை. மாட்டின் நெற்றியைச் சொறிந்துவிட்டாள்.

பொழுது சாய ஆரம்பித்தபோது ஆம்பளைகள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். மற்றவர்கள் வேலியோடு போய்விட, சென்னியப்பன் மட்டும் வாசலுக்கு வந்தான். பங்குனிக்குப் பிறகு, எழவுக்கு ஆள் சொல்லி அழைக்காமல் அவன் தானாக உள்ளே வந்தது அப்போதுதான். வேட்டியில் புகை வாடை ஏறியிருந்தது. ஒரு ஓரத்தில் பொறி பட்டு மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது.

"பேரச் சொன்னீங்களா?" அவள் நிலைக்காலுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"சொன்னேன்." கையிலிருந்த வேட்டியை உதறிவிட்டு, "கொழந்தவேலுக்காவ வெக்கறேன்னு, நாலு பேருக்குக் கேக்கறாப்பல சொன்னேன்," என்றான்.

வேட்டியை மடித்து, கழுவிக் காயவைத்திருந்த கயிற்றுக் கட்டிலின்மேல் வைத்தான். போகத் திரும்பியவன் வேலிக்கடவில் நின்றான். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

"வந்தான்னாச் சொல்லிரு அம்மிணி. அவன் எனக்கு ஒரு கொள்ளி தரோணும்."